பார்க்காத மெஷினுக்குப் பறக்கும் பணம்

பழைய கருவிகளைச் செல்போனில் பார்த்து வாங்குவது சுலபம். ஏமாறுவது அதைவிடச் சுலபம். மலையிறங்கிப் போய்ப் பார்க்கத் தயங்கும் அந்த ஒரு நாள்தான் மோசடிக் கும்பலின் மூலதனம்.

மூணாறுக்குக் கீழே, பள்ளிவாசலை அடுத்து இருக்கிறது சித்திரபுரம். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940ல் ஓடத் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். தேயிலை, ஏலம், மிளகு என்று பச்சை போர்த்திய சரிவுகள். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் டீக்கடைகள். இங்கே கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விதமான நாட்கள் உண்டு. வெறுங்கையோடு போகும் நாள் ஒன்று. சொந்த மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு போகும் நாள் மற்றொன்று. இரண்டாவது நாளில் கூலி கூடுதல், மரியாதையும் கூடுதல்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் ஏலத் தோட்டங்களில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்க வேண்டும். மழை வந்துவிட்டால் புல்லும் புதரும் ஆளுயரத்துக்கு எழும்பும். மரம் அறுக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் ஸ்பிரேயர் என்று எதை வைத்திருந்தாலும் வேலை தேடி வரும். ஆனால் நல்ல கம்பெனியின் புது மெஷின் என்றால் பல ஆயிரம் ரூபாய். கையில் இருப்பதோ அதில் பாதி. ஆகவே பழைய மெஷினைத் தேடுகிறார்கள்.

தேடுவது எங்கே என்பதுதான் கேள்வி. கிழக்கே போடிமெட்டு வழியாக இறங்கினால் போடிநாயக்கனூர். மேற்கே அடிமாலி, கோதமங்கலம் தாண்டினால் கொச்சி. கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போவதென்றால் இன்னும் தூரம். எங்கே போனாலும் ஒரு நாள் வேலை கெட்டது. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு வேறு. போய்ச் சேர்ந்தால் மெஷின் பிடிக்காமலும் போகலாம். செல்போனிலோ ஒரே நிமிஷத்தில் பத்துப் பதினைந்து மெஷின்கள் வரிசை கட்டி நிற்கின்றன. படம் பளிச்சென்று இருக்கிறது. விலை கடை விலையில் மூன்றில் ஒரு பங்கு. வீட்டுக்கே அனுப்பிவைக்கிறேன் என்கிறார் விற்பவர்.

மோசடி ஆசாமி நுழையும் இடம் இதுதான். அவர் விற்பது மெஷினை அல்ல. மெஷின் அவரிடம் இல்லவே இல்லை. மலையிறங்க வேண்டாம் என்ற வசதியை மட்டுமே அவர் விற்கிறார்.

ஆசாமிகளின் வசூல் கொஞ்சநஞ்சமல்ல. இணையம், செல்போன் வழியே நடந்த எல்லா வகை மோசடிகளிலும் சேர்த்து இந்தியர்கள் 2023ல் பறிகொடுத்தது சுமார் 7,465 கோடி ரூபாய். 2024ல் அது சுமார் 22,845 கோடியாக, அதாவது மூன்று மடங்காக எகிறியது. 2025 ஜூலையில் உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. போலி முதலீடு, மிரட்டல் என்று பெரிய தொகைகள் இதில் அடக்கம். பழைய சாமான் மோசடி அவற்றோடு ஒப்பிட்டால் சில்லறை. ஆனால் சில்லறையை இழப்பவருக்கு அது ஒரு மாதக் கூலி. பல சமயம் கடன் வாங்கிய பணம்.

மிலிட்டரி வேஷம்

நாடகத்தின் கதை வசனம் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. விற்பவர் ராணுவத்திலோ துணை ராணுவப் படையிலோ வேலை பார்ப்பதாகச் சொல்வார். திடீரென்று வெளியூருக்கு மாற்றலாகிவிட்டது, சாமானைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதனால்தான் இந்த விலை என்பார். கேட்காமலே அடையாள அட்டை, ஆதார் அட்டை, சீருடை அணிந்த போட்டோ எல்லாம் வாட்ஸப்பில் வந்து விழும். அவையெல்லாம் வேறு யாரிடமிருந்தோ சுட்டவை. முன்பு ஏமாந்த ஒருவர் அனுப்பிய அட்டையே அடுத்தவரை ஏமாற்றப் பயன்படும்.

பிறகு கட்டணங்கள் ஆரம்பம். முதலில் பார்சல் பதிவுக்கு என்று சிறிய தொகை. அதைக் கட்டியதும் கட்டு போட்டு லேபிள் ஒட்டிய பெட்டியின் படம் வரும். அடுத்த நாள் வண்டி ஓட்டுபவர் என்று இன்னொருவர் கூப்பிடுவார். வண்டி பாதி வழியில் நிற்கிறது, வரி கட்ட வேண்டும், அந்தப் பணம் சாமான் வந்ததும் திரும்பக் கிடைத்துவிடும் என்பார். அதையும் கட்டினால் இன்ஷூரன்ஸ். முதலில் போட்ட பணம் போய்விடக் கூடாதே என்ற பதைப்பில் மேலும் மேலும் கட்டுகிறார்கள். கும்பலின் கணக்கே அந்தப் பதைப்புதான். கடைசியில் போன் அணைந்துவிடும்.

இன்னொரு வகை, அட்வான்ஸ் வாங்கும் வகை. இந்த மெஷினுக்கு ஏற்கெனவே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ஆயிரம் ரூபாய் அனுப்பினால் உங்களுக்காக எடுத்துவைக்கிறேன் என்பார் விற்பவர். தொகை சிறியது என்பதால் யோசிக்காமல் அனுப்புகிறார்கள். தொகை சிறியது என்பதாலேயே பலர் புகாரும் கொடுப்பதில்லை. அதே படத்தைக் காட்டி ஐம்பது பேரிடம் ஆயிரம் ஆயிரமாக வாங்கினால் வசூல் ஐம்பதாயிரம்.

இதெல்லாம் தனி ஆளின் கைவரிசை என்று நினைத்தால் தவறு. ஹரியானாவின் நூ மாவட்டத்தில் (முன்பு மேவாத்) 2023 ஏப்ரல் 27ம் தேதி இரவு சுமார் 5,000 போலீசார் 14 கிராமங்களைச் சுற்றி வளைத்துச் சோதனை போட்டார்கள். ஏராளமான செல்போன்கள், சிம் கார்டுகள், ஏடிஎம் கார்டுகள் சிக்கின. நாடு முழுவதும் சுமார் 28,000 பேரை ஏமாற்றி 100 கோடி ரூபாய் அளவுக்குச் சுருட்டியிருப்பதாகப் போலீஸ் தரப்பு பிறகு கணக்குச் சொன்னது. அந்தக் கும்பல்கள் கையாண்ட வழிகளில் ஒன்று, பழைய சாமான் விற்கும் தளங்களில் பைக், கார், செல்போன் விற்பனைக்கு என்று கவர்ச்சியாக விளம்பரம் போடுவது. பைக் படத்துக்குப் பதிலாக மரம் அறுக்கும் மெஷின் படத்தைப் போட அதிக நேரமாகாது.

பணம் வாங்க பின் எதற்கு?

2016ல் வந்த யுபிஐ, பணம் அனுப்புவதைப் பீடி பற்றவைப்பது போல் எளிதாக்கிவிட்டது. குழப்பமும் அதிலேதான். அதன் அடிப்படை விதி ஒன்றே ஒன்று. பின் எண்ணைப் போடுவது கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதற்கு மட்டுமே. பணம் உள்ளே வருவதற்குப் பின் எண் தேவையே இல்லை. க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்வதும் பணம் கொடுப்பதற்குத்தான்.

இந்த விதி தெரியாதவர்களிடம்தான் ஆசாமிகள் விளையாடுகிறார்கள். விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவர் வேஷத்திலும் வருவார்கள். தன் பழைய ஸ்பிரேயரை விற்பதாக ஒருவர் விளம்பரம் போட்டால் ஐந்தே நிமிஷத்தில் ஒருவர் கூப்பிடுவார். பேரம் பேசமாட்டார், சாமானைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் போடுங்கள், உங்கள் கணக்கில் ஏறிவிடும் என்பார். போட்டால் ஏறாது, இறங்கும். பேரம் பேசாத வாங்குபவரைக் கண்டால் உஷாராவது நல்லது.

தனி நபர் இன்னொரு தனி நபரிடம் யுபிஐயில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் நிறுத்திவிட்டது. மோசடிக்கு அது பெரிய வாசலாக இருந்ததுதான் காரணம். ஆனால் வியாபாரிகளுக்கு அந்த வசதி அப்போது நிறுத்தப்படவில்லை, க்யூஆர் கட்டமும் இருக்கிறது. ஒரு கதவைச் சாத்தினால் ஜன்னலைத் தேடுவது திருடனின் சுபாவம்.

விற்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு தந்திரமும் உண்டு. பணம் அனுப்பிவிட்டதாகப் போலிப் படமோ வங்கி அனுப்பியது போன்ற குறுஞ்செய்தியோ வரும். ஐயாயிரத்துக்குப் பதில் தவறுதலாக ஐம்பதாயிரம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று அழாத குறையாகக் கெஞ்சுவார் எதிர்முனைக்காரர். வந்த செய்தியை நம்பாமல், வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

பெட்டிக்குள் என்ன?

பார்சல் வந்த பிறகுதானே பணம் என்று நிம்மதி கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே பணத்தைக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. உள்ளே படத்தில் பார்த்த மெஷின் இருக்கலாம். அதன் பொம்மை போன்ற மலிவுச் சரக்கும் இருக்கலாம். கடை மூடுகிறோம், பாதி விலைக்குக் கம்பெனி மெஷின் என்று முகநூலில் மின்னும் விளம்பரங்களில் இந்த வகை அதிகம். முகவரி இல்லாத கடை, வாட்ஸப் எண் மட்டுமே உள்ள கடை என்றால் ஒதுங்குவதே மேல். வாங்கியே தீர வேண்டும் என்றால், பார்சலில் ஒட்டிய முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, பிரிப்பது முழுவதையும் இடைவெட்டில்லாமல் வீடியோ எடுத்துவைத்தால் பின்னால் புகாருக்கு உதவும்.

போலி மெஷின்கள் தனிக் கதை. ஜெர்மனியின் ஸ்டீல், ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரில் உலவும் போலி மரம் அறுக்கும் மெஷின்களைப் பற்றி எச்சரித்து வந்திருக்கின்றன. ஆரஞ்சு நிறத்தையும் எழுத்தையும் காப்பியடிப்பது சுலபம். அசல் ஸ்டீல் மெஷினின் உடலில் வரிசை எண் பதிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அருகிலுள்ள அங்கீகாரம் பெற்ற டீலரிடம் காட்டலாம். எண் இல்லை, சுரண்டியிருக்கிறது, படம் அனுப்பமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எண் சுரண்டப்பட்டிருப்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: திருட்டுச் சாமான். தெரிந்தோ, திருட்டுப் பொருள் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317வது பிரிவின் கீழ் குற்றம். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். தெரியாமல் வாங்கியிருந்தாலும் போலீஸ் வந்தால் மெஷின் போய்விடும். பழைய பில் இருக்கிறதா என்று கேட்பதும், இல்லையென்றால் விற்பவரின் பெயர், முகவரி, வரிசை எண், தொகை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குவதும் வீண் சம்பிரதாயம் அல்ல. யோக்கியமான விற்பனையாளர் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பல்லைப் பிடித்துப் பார்

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. சந்தையில் காசு கொடுத்து வாங்கும் மாட்டின் பல்லை எண்ணி, சுழி பார்த்து, நடக்கவிட்டு, ஏரில் பூட்டிப் பார்த்துத்தான் தமிழ் விவசாயி பணத்தை எடுத்தார். மெஷினுக்கும் பல் உண்டு.

மரம் அறுக்கும் மெஷினைப் பார்க்கப் போனால் முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், வருவதற்கு முன்பே ஓட்டிப் பதப்படுத்தி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆறவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யச் சொல்லலாம். நல்ல என்ஜின் சில இழுப்புகளில் கிளம்பும். என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினை மெதுவாகத் தொங்கவிட்டால், கம்ப்ரஷன் இருக்கும் மெஷின் விட்டுவிட்டுத்தான் இறங்கும். கம்ப்ரஷன் போன மெஷின் சரசரவென்று கீழே போகும். சைலன்ஸரைக் கழற்ற அனுமதித்தால் அந்தத் துளை வழியே பிஸ்டனைப் பார்க்கலாம். நீளவாக்கில் ஆழமான கீறல்கள் தெரிந்தால், ஆயில் சரியாகக் கலக்காமல் ஓட்டியிருக்கக்கூடும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தைத் தின்றுவிடும்.

ஓடும்போது செயின் பிரேக்கைத் தள்ளினால் சங்கிலி உடனே நிற்க வேண்டும். நிற்காத மெஷின் என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். அது தொடையையோ தோளையோ கேட்கும். பாரின் நுனியை ஒரு வெள்ளை அட்டைக்கு மேலே பிடித்துக்கொண்டு வேகம் கொடுத்தால் எண்ணெய்த் துளிகள் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் ஆயில் பம்ப்பில் கோளாறு.

புல் வெட்டும் மெஷினில் தண்டை ஆட்டிப் பார்த்து, நுனியில் உள்ள கியர் பெட்டி கரகரக்கிறதா என்று கேட்க வேண்டும். கிரைண்டர், டிரில் போன்ற கரண்ட் மெஷின்களில் பேரிங் சத்தமும், ஓடும்போது கார்பன் பிரஷ் இருக்கும் இடத்தில் பெரிதாகப் பொறி பறக்கிறதா என்பதும் கவனிக்க வேண்டியவை. கிரைண்டரின் காப்புத் தகடு காணாமல் போயிருந்தால் அதையும் விலையில் குறைத்துக்கொண்டு புதுத் தகடு வாங்க வேண்டும். தண்ணீர் மோட்டார் என்றால் வைண்டிங் அசலா, மறுபடி கட்டியதா என்று கேட்பது முக்கியம். பேட்டரி மெஷின்களில் தேய்வது பெரும்பாலும் பேட்டரிதான். புது பேட்டரியின் விலையைக் கடையில் விசாரித்துவிட்டுப் பேரத்துக்கு உட்காருவது புத்திசாலித்தனம்.

இவ்வளவும் செல்போன் திரையில் தெரியாது. போக முடியாவிட்டால்? போடியிலோ கோதமங்கலத்திலோ இருக்கும் மச்சானையோ கூட்டாளியையோ அனுப்பலாம். அதற்கும் வழியில்லை என்றால் குறைந்தபட்சம் வீடியோ காலில் மெஷினைக் காட்டி, அங்கேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லலாம். விளம்பரப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டால், அதே படம் வேறு ஊர், வேறு பெயரில் உலவுவது சில சமயம் தெரிந்துவிடும். விற்பவரின் போன் நம்பரையும் யுபிஐ முகவரியையும் உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றத் தளத்தில் தேடிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. ஏற்கெனவே புகார் உள்ள நம்பர் என்றால் காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுக்காவிட்டால் நல்லவர் என்று அர்த்தமல்ல; இன்னும் மாட்டவில்லை என்றும் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட எளிய சோதனை ஒன்று உண்டு. நாளைக் காலை நேரில் வருகிறேன், ஓட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே பணம் தருகிறேன் என்று சொல்லிப் பார்ப்பது. மெஷின் வைத்திருப்பவர் முகவரி கொடுப்பார். இல்லாதவர் காரணம் கொடுப்பார்.

பணம் போய்விட்டால்

ஏமாந்ததும் பலர் செய்வது வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வது. அடுத்து, அந்த ஆசாமியையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கெஞ்சுவது. இரண்டிலும் வீணாவது நேரம். போன பணம் முதல் கணக்கிலேயே தங்குவதில்லை. வாடகைக்கு எடுத்த வேறு வேறு கணக்குகளுக்குத் தாவி, ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியேறிவிடும். அதற்குள் பிடிக்க வேண்டும்.

அதற்காகவே 1930 என்ற எண் இருக்கிறது. நாடு முழுவதும் இதே எண். பணம் போன தேதி, நேரம், தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண், ஆசாமியின் போன் நம்பர், யுபிஐ முகவரி இவற்றைச் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தகவல் பறக்கும். 2021ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டால் 5,400 கோடி ரூபாய்க்கு மேல் காப்பாற்றப்பட்டிருப்பதாக 2025 ஜூலையில் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. போன தொகையோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் அந்தக் குறைவிலும் இடம் கிடைப்பது சீக்கிரம் கூப்பிட்டவர்களுக்கே. சைபர்கிரைம்.கவ்.இன் என்ற தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இந்தப் பொறுப்பைத் தெளிவாகவே பிரித்தது: வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நஷ்டம் அவருடையது, தெரிவித்த பிறகும் பணம் போனால் நஷ்டம் வங்கியுடையது.

வாட்ஸப் உரையாடல், விளம்பரத்தின் படம், வந்த போன் நம்பர்கள் எதையும் அழிக்கக் கூடாது. கோபத்தில் அழித்துவிட்டால் ஆதாரமும் சேர்ந்து போகும். விற்றது தனி ஆளாக இல்லாமல் ஒரு கடையோ நிறுவனமோ என்றால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக மெஷின் வாங்குபவரையும் 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. தொழிலுக்கு வாங்கியது, அதனால் கேட்க முடியாது என்று கடைக்காரர் கையை விரித்தால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வலை. பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கொஞ்சம் கட்டணம் கட்டுங்கள் என்று சில நாளில் வேறொரு குரல் கூப்பிடலாம். அதுவும் அதே கூட்டத்தின் வேலையாக இருக்க வாய்ப்பு உண்டு. 1930க்குப் புகார் செய்யக் கட்டணம் எதுவும் கிடையாது.

சித்திரபுரத்திலிருந்து அதிகாலை பஸ்ஸைப் பிடித்து மலையிறங்கினால் மெஷினைப் பார்த்து, ஓட்டி, பேரம் பேசி ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். செலவு ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும். மெஷின் பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பினாலும் நஷ்டம் அவ்வளவுதான். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாத உழைப்பை இழந்தவர்களின் புகார்கள் நாடெங்கும் போலீஸ் ஸ்டேஷன்களில் குவிந்து கிடக்கின்றன. கூலியைக் கணக்குப் பார்த்து வாழ்கிறவர்களுக்கு இந்தக் கணக்குப் புரியாமல் போகாது.